இருபத்து நான்கு விநாடி முந்திய நட்சத்திரம்

அத்தியாயம் 4

பிச்சைமுத்துவுக்குத் தெரிந்து கள்ளக்குறிச்சியில் இதுவரை காணாமல் போனவை ஒரு கறவை மாடு, ஒரு மோட்டார் பம்ப், இரண்டு மாப்பிள்ளைகள். மாடு கிடைத்துவிட்டது. பம்ப் பாதி கிடைத்தது. மாப்பிள்ளைகளைக் கண்டுபிடித்தும் பெண் வீட்டார், ‘அது அங்கேயே இருக்கட்டும்’ என்றுவிட்டார்கள். ஆனால் 2013ஆம் வருஷத்துத் தை மாதச் சனிக்கிழமை காலையில், உர டிப்போ மாடியில் இருந்த ‘பெரியநாயகி துப்பறியும் நிலைய’த்துக்கு வந்த பெண் சொன்ன கதையில் களவு போயிருந்தது ராணுவ ரகசியம். அதுவும் வானத்திலிருந்து.

வந்தவள் பெயர் ஆனந்தமேரி. சங்கராபுரத்துக்காரி. அவள் கணவன் கிறிஸ்துதாஸ், செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பெங்களூர்ப் பக்கம் வேலை பார்ப்பவன். சனி, ஞாயிறு மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்து போவான். இப்போது பத்து நாளாகச் சஸ்பெண்ட்.

“திங்கக்கெழம பத்து மணிக்கு விசாரணைங்க. அன்னிக்கே போலீஸ்ல ஒப்படைச்சிடுவாங்களாம். அவரு சோறு தண்ணி இல்லாம செவுத்தப் பாத்துக்கினு குந்தியிருக்காரு. அவரு ஒரு எறும்புக்குக்கூட ரகசியம் சொல்ல மாட்டாருங்க. எனக்கே சொல்ல மாட்டாரு!” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பெரியநாயகி கேட்டுக்கொண்டே பென்சில் சீவினார். தாலுகா ஆபீஸ் சர்வே பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நிலம் அளக்கும் சங்கிலி இழுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்தவர். பென்சில் சீவினால்தான் அவருக்கு மூளை ஓடும்.

“மேடம், எனக்கு ஒண்ணும் புரியல. மேல இன்னாதான் நடந்துது?” என்றான் உதவியாளன் பிச்சைமுத்து.

“எதிர்வூட்டுல இன்னா சமைக்கறாங்கன்னு தெரிஞ்சிக்க, நம்ம மொட்டமாடியில வடகம் காயப்போடற சாக்குல எட்டிப் பாக்கறது இல்லயா? அதேதான். வெளிநாட்டு ராணுவக் கோள் ஒண்ணு சுத்திக்கினு இருக்குது. நம்ம ராணுவக் கோள் சத்தம் போடாம நகந்து நகந்து அதுகிட்ட போயி எட்டிப் பாக்குது. ஐந்நூறு கிலோமீட்டர் ஒசரத்துல.”

“அடேங்கப்பா! வடகத்துக்கு அவ்ளோ தூரமா?”

நடந்தது இதுதான். உலகம் பூராவும் வானத்தை வேடிக்கை பார்ப்பவர்கள் கூடி எழுதும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. ஆறு வாரமாகச் சனிக்கிழமைதோறும் அதில் யாரோ ‘கல்வராயன் மலை, கிழக்குச் சரிவு’ என்று போட்டு, எந்தெந்த நாளில் எந்தெந்த மணிக்கு அந்த இரண்டு கோள்களும் தலைக்கு மேல் போயின, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று விநாடி சுத்தமாக எழுதி வந்தார்கள். வெளிநாட்டுக்காரன் அதைப் படித்துவிட்டுக் கூச்சல் போட்டான். பதிவுகள் கிளம்பிய இடம் சங்கராபுரம் பிரவுசிங் சென்டர். சனிக்கிழமை சங்கராபுரத்தில் இருப்பவன் கிறிஸ்துதாஸ். அலுவலகத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனந்தமேரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதும், பெரியநாயகி விசாரணை அதிகாரியைப் போனில் பிடித்தார். அரங்கநாதன் என்று பெயர். சாட்சி சேகரிக்கச் சங்கராபுரத்திலேயே வந்து தங்கியிருந்தார்.

“ஒரே ஒரு கேள்விங்க சார். அதுல எழுதியிருக்கற மணியெல்லாம் சரியா இருக்குதுங்களா?”

“சரியாக இல்லை அம்மா, அதுதான் சாட்சியே!” அரங்கநாதன் குரலில் வெற்றி வழிந்தது. “அத்தனை பதிவிலும் எழுதியிருக்கும் நேரம், உண்மையான நேரத்துக்கு இருபத்து நான்கு விநாடி முந்தி இருக்கிறது. கண்ணால் பார்ப்பவன் கோள் வந்த பிறகுதானே மணி எழுதுவான்? வருவதற்கு முன்னாலேயே எழுதுகிறான் என்றால், எங்கள் அட்டவணையை வைத்துக்கொண்டு எழுதுகிறான் என்றுதானே அர்த்தம்?”

போனை வைத்ததும் பிச்சைமுத்து, “ஆளு ஜோசியராக்கூட இருக்கலாமே மேடம்?” என்றான்.

“ஒரு தடவ இருவது, ஒரு தடவ முப்பதுன்னு இருந்தா ஜோசியம். எல்லாத் தடவையும் இருபத்து நாலுன்னா அது கடியாரம்டா பிச்ச. கடியாரம் இருபத்து நாலு விநாடி மெதுவா இருந்தா, கோள் வந்தப்புறம் பாத்து எழுதினாலும் மணி முந்தித்தான் விழும்.”

“பேட்டரி தீந்துபோன கடியாரமா?”

“அப்டின்னா வாரத்துக்கு வாரம் இன்னும் பின்னால போயிருக்கும். இது தெனமும் ஒருத்தர் ஒழுங்கா சரிபண்ணி வெக்கிற கடியாரம். ஒழுங்கா, தப்பா சரிபண்ணி வெக்கிறாங்க. எதையாவது பாத்து வெச்சா தப்பு வராது. கேட்டு வெச்சா?” பெரியநாயகி பென்சிலைக் காதில் சொருகினார். “சத்தம் விநாடிக்கு முந்நூத்து நாப்பது மீட்டர் போவும். இருபத்து நாலால பெருக்கு.”

பிச்சைமுத்து விரல்களையும் செல்போனையும் சேர்த்துப் பயன்படுத்திப் பெருக்கினான். “எட்டு கிலோமீட்டர். கொஞ்சம் ஜாஸ்தி.”

“எட்டு கிலோமீட்டருக்குக் கேக்கற சத்தம், தெனமும் மணி தவறாம வர்ற சத்தம், இந்தப் பக்கத்துல எது?”

“எங்க மாமியாரு…” என்று ஆரம்பித்தவன் வாயைப் பிளந்தான். “யம்மாடி! மூங்கில்துறைப்பட்டு மில்லு சங்கு!”

பெரியநாயகி அதற்குள் வரைபடத்தை விரித்து, சர்க்கரை ஆலையின் மேல் கவராயத்தை ஊன்றி எட்டு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டுவிட்டார். வட்டம் ஆற்றைத் தாண்டியது, கரும்புக் கொல்லைகளைத் தாண்டியது, காட்டிலாகா காட்டைத் தாண்டியது. மலையின் கிழக்குச் சரிவில் மனுஷர் குடியிருக்கும் ஒரே ஒரு இடத்தைத்தான் தொட்டது. சவேரியார்கொட்டாய். நாற்பது வீடு, ஒரு சர்ச்.

உடனே மறுபடி அரங்கநாதனுக்குப் போன். “இன்னிக்குச் சாயங்காலம் ஆறரைக்கு சவேரியார்கொட்டாய் சர்ச்சுக்கு வந்துடுங்க சார். எழுதின ஆளை நேர்ல காட்டறேன்.”

பிச்சைமுத்து வண்டிச் சாவியை எடுக்காமல் நின்றான்.

“மேடம், ஆளு ஆணா பொண்ணான்னே தெரியாது. அதுக்குள்ள முகூர்த்தம் குறிச்சிட்டீங்களே!”

“முகூர்த்தம் குறிச்சாத்தாண்டா மாப்ளய தேடற வேகம் வரும். வண்டிய எடு.”

*

கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் காய்ந்த சோகை இலை பறந்து மூஞ்சியில் அடிக்க அடிக்க, பழைய ஹீரோ ஹோண்டாவில் அவர்கள் போய்ச் சேரும்போது மணி நாலரை. கொண்டல் காற்று கிழக்கேயிருந்து மலையைப் பார்த்து அடித்தது. சங்குச் சத்தம் இங்கே வரை வருவதில் ஆச்சரியமே இல்லை.

பெரியநாயகியின் கைக்கடிகாரம் காலையில் ரேடியோ மணிக்குச் சரியாக வைத்தது. அதைக் கட்டிக்கொண்டு பிச்சைமுத்து, கடிகாரக் கம்பெனி சர்வே என்று சொல்லி ஊரை வலம் வந்தான். டீக்கடை, ரேஷன் கடை, மாவு மில், நாட்டாமை வீடு. விநாடி முள் இருந்த கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தான்.

“மேடம், அநியாயம்! ஊரே இருபத்து நாலு விநாடி பின்னால வாழ்ந்துக்கினு இருக்குது! ஒருத்தனுக்காவது உறுத்துதான்னு பாத்தா, என் கடியாரம் வேகமா ஓடுது, கழட்டிக் காட்டுன்றாங்க!”

“செல்போன்ல மணி இருக்குமே?”

“அதையும் சங்கு ஊதும்போதுதான் திருத்தறாங்களாம். கம்பெனிக்காரன் பொய் சொல்லுவான், மில்லு சங்கு பொய் சொல்லாதுன்னு டீக்கடக்காரரு அடிச்சி சொல்றாரு.”

அப்போதுதான் அந்த மொட்டை மாடி கண்ணில் பட்டது. முறுக்கு மீசையோடு ஒரு பெரியவர், முழங்கை நீளத்துக்குப் பைனாகுலரைப் பிடித்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து மேடத்தின் முழங்கையைச் சுரண்டினான். ‘வேலை முடிஞ்சிது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிடலாம்’ என்று அர்த்தம்.

அவர் பெயர் சின்னதுரை. ரிட்டயர்டு சுபேதார். மேலே ஏறிப் போய் விசாரித்ததில், மரவள்ளிக் கொல்லைக்குக் காட்டுப்பன்னி இறங்குகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். பெரியநாயகி அவருடைய பைனாகுலரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணிக்கட்டை மட்டும் பார்த்தார்.

“உங்க கடியாரம் கரெக்டா இருக்குதே சுபேதார் ஐயா?”

“ரேடியோவுக்கு வெச்சது. இந்த ஊர்க்காரனுங்க மாதிரி ஊதல கேட்டு வெக்கிறதுக்கு நான் இன்னா மில்லு கூலியா?” என்று மீசையைத் தடவினார்.

“ரொம்ப சந்தோஷம். நீங்க குத்தவாளி இல்ல.”

ராணுவ ரகசியம், செயற்கைக்கோள் என்று விஷயத்தைக் கேட்டதும் பெரியவர் முகம் சுருங்கிப்போயிற்று. “இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ். ராணுவ ரகசியம்னு ஒண்ணு ஊர்ல திருட்டு போயிருக்குது. என்னை ஒரு அஞ்சு நிமிஷங்கூட சந்தேகப்படலயேம்மா?”

“நான் பட்டேங்க ஐயா, நல்லாவே பட்டேன்,” என்று பிச்சைமுத்து ஆறுதல் சொன்னான்.

மனசு தேறிய சுபேதார்தான் அடுத்த வழியைக் காட்டினார். “தெனமும் சங்கு ஊதினதும் ஊர்ல மொதல் ஆளா கடியாரத்தத் திருப்பறது நம்ம உபகாரம்தான். சர்ச் மணி அடிக்கிறவ. அவளுக்கு அதுல அவ்ளோ ஒழுங்கு.”

*

சர்ச் சின்னது. முன்பக்கம் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் மணிமேடை. ஊரிலேயே செல்போனுக்கு டவர் கிடைக்கும் ஒரே இடமும் அதுதானாம்.

அவர்கள் போய் நின்றபோது, நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி கிழக்கே காதைக் கொடுத்து நின்றிருந்தாள். சத்துணவு அமைப்பாளர் உபகாரமேரி. காற்றில் மிதந்து ஆலைச் சங்கு வந்தது. பிச்சைமுத்து கையிலிருந்த கடிகாரத்தில் ஆறு அடித்து இருபத்து நான்கு விநாடி. அம்மாள் தன் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பன்னிரண்டில் வைத்து அமுக்கினாள். பிறகு மூவேளை ஜெபத்துக்கான மணியை மும்மூன்றாக அடித்தாள். வீட்டு வாசல்களில் நின்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மணி ஓய்ந்ததும் அவள் கீழே இறங்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு பைனாகுலரையும் நோட்டையும் எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

“சனிக்கிழமை சங்கராபுரம் சந்தைக்குப் போறப்போ, பிரவுசிங் சென்டர்ல எழுதறது நீங்கதானேம்மா?” என்றார் பெரியநாயகி.

மறைப்பாள், அழுவாள், ஓடுவாள் என்று பிச்சைமுத்து வாசலை மறித்து நின்றதெல்லாம் வீண். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. “ஆமாங்க! நீங்களும் பாக்கறவங்களா? வாங்க, ஏறி வாங்க. இன்னிக்கு ஏழு பன்னண்டுக்கு வரும். பெரியவன் முன்னால, சின்னவன் பின்னால.”

“ரெண்டும் ராணுவக் கோள்னு தெரியுமா?”

“மேல போறதுக்கு நம்மளுக்கு இன்னா தெரியும்? ரெண்டு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு தொரத்திக்கினு போவுது, பாக்க நல்லா இருந்துது, எழுதினேன். வானத்துக்கு யாராவது வேலி போட்டிருக்காங்களா?”

மேடத்தோடு மேலே ஏறிய பிச்சைமுத்துவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்ணால் பார்த்த ஆள் கிடைத்தாகிவிட்டது. அலுவலகத்து அட்டவணையை யாரும் திருடவில்லை. கிறிஸ்துதாஸ் பிழைத்தான். “நல்ல பைனாக்குலரு. எங்கம்மா வாங்கினீங்க?” என்று சும்மா கேட்டுவைத்தான்.

“எந்தம்பி வாங்கியாந்தது. மொத சம்பளத்துல.”

“தம்பி இன்னா பண்றாப்ல?”

“அவனும் இந்த ராக்கெட்டு ஆபீஸ்லதான். கிறிஸ்துதாஸ்னு பேரு.”

பிச்சைமுத்து மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பெரியநாயகியின் கையிலிருந்த பென்சில் நழுவிக் கீழே போயிற்று. புருஷன் பிறந்த ஊர் எது என்று ஆனந்தமேரியிடம் அவர் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷ சர்வேயில் எல்லைக்கல்லைப் பார்க்காமல் அளந்ததில்லை. இன்றைக்கு அளந்துவிட்டார்.

“மேடம்,” பிச்சைமுத்து குரல் கிசுகிசுத்தது. “பிள்ளையார் புடிக்கப் போயி… தம்பி சொன்னான், அக்கா எழுதினான்னுதானே ஆபீசரு சொல்லுவாரு? நாமளே வெத்தல பாக்கு வெச்சி கூப்பிட்டிருக்கோமே அந்த ஆள!”

கீழே ஜீப் வந்து நின்றது. மணி ஆறரை. அரங்கநாதன் நேரம் தவறாத மனிதர்.

*

ஒல்லியான உடம்பு, தடித்த கோப்பு. அரங்கநாதன் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். சங்கு, எட்டு கிலோமீட்டர், மெதுவான கடிகாரம், எழுதியவள் கிறிஸ்துதாஸின் அக்கா என்று பெரியநாயகி விளக்கி முடித்ததும் மெல்லச் சிரித்தார்.

“அழகான கதை அம்மா. ஆனால் அட்டவணையைக் கொடுத்த தம்பியே, ‘பார்த்து எழுதின மாதிரி இருக்க ஊர்க் கடிகாரப்படி எழுதக்கா’ என்றும் சொல்லிக் கொடுத்திருக்கலாம் அல்லவா? உங்களுக்கு நன்றி. ஒரு குற்றவாளிக்கு இரண்டு பேராகக் கிடைத்திருக்கிறார்கள்.”

“எந்தம்பி இன்னா பண்ணான்?” என்றாள் உபகாரமேரி. அதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பெரியநாயகி சொன்னார். திங்கட்கிழமை, விசாரணை, ஜெயில்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவனோட பேசி அஞ்சு வருஷம் ஆவுதுங்க. அப்பா செத்தப்போ ராக்கெட்டு வுடற நாளுன்னு அவன் வரல. மண்ணு தள்ளக்கூட வரல. அப்பாவ விட ஒசத்தியா அப்டி இன்னாதான் மேல இருக்குதுன்னுதான் நான் பாக்கவே ஆரம்பிச்சேன். பாக்கப் பாக்க கோவம் கொறஞ்சிது. ஆனா கூப்புட மானம் வுடல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் ஆசையா எழுதினது அவன் கழுத்துக்கே வந்துடுச்சே!”

பிச்சைமுத்து சும்மா இருக்க முடியாமல் அவளுடைய நோட்டை எடுத்துப் புரட்டினான். நாள், மணி, பெரியவன், சின்னவன். கடைசிப் பக்கங்களில் மட்டும் ஒரு கோடு கூடுதலாக இருந்தது.

“இன்னா யக்கா இது, ‘திருடன்’னு எழுதியிருக்கீங்க?”

“அதுவா? ஒம்போது நாளா மூணாவதா ஒண்ணு வருது. மங்கலா. சின்னவன் பின்னாலயே, சின்னவன் திரும்பினா அதுவும் திரும்புது. எனக்கே சந்தேகமா இருந்துது. பத்து நாளு பாத்துட்டு எழுதலாம்னு வெச்சிருந்தேன்.”

அரங்கநாதன் கோப்பை மூடினார். “மூன்றாவதா? அபத்தம். அங்கே இருப்பது இரண்டுதான். எங்கள் கணக்கில் மூன்றாவது கிடையாது.”

“ஏழு பன்னண்டுக்குப் பாத்துடுவோமே,” என்றார் பெரியநாயகி.

நால்வரும் மணிமேடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் மோப்பம் பிடித்துச் சுபேதாரும் தன் பைனாகுலரோடு வந்து கீழே நின்றார். மேற்கே வெளுப்பு அடங்கி நாலைந்து நட்சத்திரங்கள் தெரிந்தன. வடக்கு முகட்டிலிருந்து முதலில் ஒரு புள்ளி ஏறியது. நாலு விரற்கடை பின்னால் இன்னொன்று. அரங்கநாதன் உபகாரமேரியின் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். ஒருமுறை இறக்கித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“சார்?” என்றான் பிச்சைமுத்து.

“இருக்கிறது,” என்றார் அவர். “நம்முடையதற்குப் பின்னால்… ஒட்டிக்கொண்டு…”

“எதிர்வூட்டை நாம எட்டிப் பாத்துக்கினு இருக்கறப்போ, பின்வூட்டுக்காரன் நம்ம முதுகுக்குப் பின்னால ஏறி நின்னிருக்கான்!” என்றார் பெரியநாயகி.

மூன்று புள்ளியும் தெற்கே போய் மங்கி மறைந்தன. பிச்சைமுத்துவுக்கு அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி உறைத்தது.

“சார், ஒரு நிமிஷம். இந்த மூணாவது உங்க ஆபீஸ் கணக்குல கிடையாதுன்னீங்க.”

“இல்லை.”

“இந்தம்மா நோட்டுல ஒம்போது நாளா இருக்குது. எந்தத் தம்பி வந்து குடுத்தாரு? உங்க ஆபீஸ்ல இல்லாத ஒண்ணு உங்க ஆபீஸ்லருந்து எப்டி சார் திருட்டு போவும்?”

பெரியநாயகி தன் உதவியாளனைத் திரும்பிப் பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை.

அரங்கநாதன் ஒற்றைக் கோடு டவருக்காக மேடையின் மூலையில் ஒற்றைக்காலில் நின்று போன் போட்டார். “ஆமாம் சார்… என் கண்ணாலேயே சார்… இல்லை சார், ஒரு சத்துணவு அமைப்பாளர் சார்…” அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம் இங்கே வரை கேட்டது. ஒரு நிமிஷத்தில் அவர் முகத்திலிருந்த அதிகாரமெல்லாம் வடிந்து, பரீட்சைக்கு வந்த மாணவன் மாதிரி பேனாவைத் திறந்துகொண்டு உபகாரமேரியின் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, டைரக்டர் கேட்கிறார். அந்த மூன்றாவது அடுத்தாப்போல் எப்போது வரும்? எந்தத் திசையில்? உடனே தெரிய வேண்டுமாம்.”

உபகாரமேரி நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“மொதல்ல எந்தம்பி மேல ஒரு குத்தமும் இல்லன்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க. அப்புறம் மணி சொல்றேன்.”

“அம்மா, இது நாட்டு விஷயம்!”

“அவனும் இந்த நாடுதாங்க.”

அரங்கநாதன் போனில் கேட்டார், தலையாட்டினார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். சாட்சியாகச் சுபேதார் சின்னதுரை, ‘ஓய்வு’ என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு ஒப்பமிட்டார். காகிதத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்து இடுப்பில் சொருகிக்கொண்ட உபகாரமேரி, அதிகாரியின் போனுக்கே கையை நீட்டினாள்.

“எந்தம்பி நம்பரப் போட்டுக் குடுங்க.”

போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அஞ்சு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் பேச்சை அந்த ஊரே கேட்டிருக்கும்.

“டேய் தாசு! மேல மூணாவதா ஒருத்தன் வரான். உங்க ஆபீஸ்ல அவ்ளோ பேரு சம்பளம் வாங்கறீங்களே, ஒருத்தனுக்குக்கூட கண்ணு இல்லியாடா?”

அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை விசித்து விசித்து அழுவது கேட்டது. பேனாவைத் திறந்தபடி நின்ற அரங்கநாதனைப் பார்த்து உபகாரமேரி, ‘இருங்க’ என்று கையைக் காட்டினாள்.